கேளுங்க அண்ணாச்சி: வலென்சியா போறவங்களுக்கு

ஸ்பெயின் என்றாலே பார்சலோனா பற்றித்தான் வழக்கமாகக் கேட்பார்கள். இந்த முறை நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் வலென்சியாவைக் கேட்கின்றன. மத்தியதரைக் கடலோரம், சுமார் எட்டு லட்சம் பேர், ஸ்பெயினின் மூன்றாவது பெரிய நகரம். ஆத்துப் பாசனம், நெல் வயல், கோரை, வெடிச்சத்தம் நாலும் உண்டு என்பதால் நம்மவர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியாது. அங்கே போய் ஏமாறுவது பெரும்பாலும் நேரத்தில்தான்.

மகன் அங்கே படிக்கிறான். நானும் வீட்டுக்காரியும் பத்து நாள் போய்வர நினைக்கிறோம். விசா, விமானம் எல்லாம் எப்படி அண்ணாச்சி?
*– பாளையங்கோட்டை வாசகர்*

வாங்க வேண்டியது ஷெங்கன் குறுகியகால விசா. ஸ்பெயின் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா அது. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். ஸ்பெயினுக்கான விண்ணப்பத்தை பி.எல்.எஸ். மையம் வாங்குகிறது. சென்னையில் இருக்கிறது. கைரேகைக்கு நேரில் போக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. ஏப்ரல், மே என்றால் மையத்தில் நாள் கிடைப்பதே கஷ்டம் என்பதால் மூன்று மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, போகிற நாள் முதல் திரும்புகிற நாள் வரை முழுக்க இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடைசி பத்து ஆண்டுக்குள் வாங்கியதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகிறதாகவும் இருக்கட்டும்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் வேறு இடத்தில் வரும். "மகன் வீட்டில் தங்குகிறோம்" என்று எழுதினால் மகன் கைப்பட எழுதிய கடிதம் போதாது. அங்குள்ள தேசியக் காவல்துறை அலுவலகம் வழங்கும் அழைப்புக் கடிதம் வேண்டும். 'கார்தா தே இன்விதாசியோன்' என்று பெயர். மகன்தான் அங்கே விண்ணப்பித்து வாங்கி அசலை அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதற்கு நேரம் இல்லையென்றால் ஓட்டல் முன்பதிவைக் காட்டி விண்ணப்பிப்பது சுலபம். இன்னொன்று, விண்ணப்பிக்கும் முந்தின வாரம் வங்கிக் கணக்கில் மொத்தமாகப் பணத்தைப் போட்டுக் காட்டாதீர்கள். அப்படிப் போட்ட பணம் கணக்கில் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது.

விமானத்துக்கு திருவனந்தபுரம்தான் நமக்கு வசதி. அங்கிருந்து தோஹா அல்லது துபாய், பிறகு மாட்ரிட். மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் வலென்சியாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ரென்ஃபே, ஊய்கோ, இரியோ என்று மூன்று கம்பெனிகள் போட்டி போடுவதால் முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் மலிவு. பழைய பயணக் குறிப்புகளில் ரயில் அதோச்சா நிலையத்திலிருந்து என்று இருக்கும். 2022-இல் சாமார்த்தின் நிலையத்துக்கு மாறிவிட்டது. டிக்கெட்டில் எது அச்சாகியிருக்கிறதோ அதை நம்புங்கள். விமான நிலையத்தின் 4-ஆம் முனையத்திலிருந்து சாமார்த்தினுக்குப் புறநகர் ரயில் உண்டு. விமானம் இறங்குவதற்கும் ரயில் கிளம்புவதற்கும் நடுவில் நாலு மணி நேரம் விடுங்கள். நம்மூர் மாதிரி ஓடி வந்து பெட்டியில் தொத்த முடியாது. பைகளை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுவார்கள். கிளம்பும் நேரத்துக்கு முன்பே நடைமேடை வாசலை அடைத்துவிடுவார்கள்.

வலென்சியாவில் இறங்கும் நிலையம் ஹொவாக்கின் சொரோயா. ஊர் நடுவில் இருக்கும் பழைய 'நோர்த்' நிலையம் அங்கிருந்து முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெட்டி சக்கரம் நன்றாக இருந்தால் நடந்தே போய்விடலாம்.

நாங்கள் நாலு பேர். ஊருக்குள் சுத்த எந்த டிக்கெட் எடுக்க?
*– தென்காசி வாசகி*

மெட்ரோ, டிராம், பஸ் மூன்றுக்கும் பொதுவாக 'சூமா 10' என்ற பத்துப் பயண அட்டை உண்டு. அதில் பெயர் கிடையாது. ஒரே அட்டையை நாலு பேரும் பயன்படுத்தலாம், ஆளுக்கு ஒரு முறை காட்ட வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். அட்டைக்கான சிறு தொகையை முதல் முறை கட்டினால் போதும், பிறகு மெட்ரோ நிலைய இயந்திரத்தில் பயணங்களை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

விமான நிலையத்துக்கு மெட்ரோ 3, 5 ஆகிய வழித்தடங்கள். ஊர் நடுவே ஷாதிவா, கொலோன் நிலையங்கள் வரை 25 நிமிடத்துக்குள். ஆனால் விமான நிலையம் தனி மண்டலக் கணக்கு. ஊருக்குள் மட்டும் செல்லும் டிக்கெட்டோடு ஏறினால் ஏறும்போது கதவு திறந்துவிடும், இறங்கும்போது திறக்காது. மெட்ரோவில் வெளியே வரும்போதும் டிக்கெட்டைக் காட்ட வேண்டும் என்பதால் மாட்டிக்கொள்வது அங்கேதான். உள்ளே வந்ததும் டிக்கெட்டைக் கசக்கிப் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

24, 48, 72 மணி நேர சுற்றுலா அட்டையும் விற்கிறார்கள். விமான நிலைய மெட்ரோவும் அதில் சேர்த்தி. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை ஏறி இறங்குகிறவர்களுக்கு லாபம். பழைய ஊரிலேயே நடந்து திரியப் போகிறவர்களுக்கு நஷ்டம்.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு வாலென்பிசி என்ற பொதுச் சைக்கிள் ஒரு வாரச் சந்தாவில் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் முதல் 30 நிமிடம் இலவசம். அதற்குள் ஏதாவது ஒரு நிலையத்தில் பூட்டி, மறுபடி வேறொன்றை எடுக்கலாம். பூட்டியதும் வண்டி சரியாக மாட்டிக்கொண்டதா என்று ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். மாட்டாமல் விட்டால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், கணக்கும் ஏறும்.

பயேயா என்பது நம்ம பிரியாணி மாதிரிதானா? மசாலா என்ன? நம்ம அரிசியில் வீட்டில் செய்ய முடியுமா?
*– அம்பாசமுத்திரம் வாசகி*

பிரியாணி என்று நினைத்துச் சாப்பிட்டால் ஏமாற்றம்தான். மசாலா என்று பார்த்தால் குங்குமப்பூ, இனிப்பு மிளகாய்ப்பொடி, ஒரு கொத்து ரோஸ்மேரி, உப்பு. இஞ்சி, கிராம்பு, பட்டை எதுவும் கிடையாது. பயேயா என்பதே இந்த அரிசிச் சாப்பாட்டைச் செய்யும் அகலமான, ஆழமில்லாத இரும்புத் தட்டத்தின் பெயர்தான். வலென்சியாக்காரர்கள் செய்வதில் கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், 'கர்ரொஃபோ' என்னும் பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி இருக்கும். சிலர் நத்தையும் போடுவார்கள். இறாலும் சிப்பியும் போட்டதும் உண்டு. அது 'மரிஸ்கோ' என்று தனிப் பெயரில் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தது சுற்றுலாக்காரர்களுக்கு.

ஒரு ஆளுக்கு 100 கிராம் அரிசி. தட்டத்தின் அகலத்தில்தான் காரியம் இருக்கிறது. அரிசி விரல் தடிமனுக்கு மேல் நிற்கக் கூடாது. நாலு பேருக்குச் செய்யும் முறை இது. ஆலிவ் எண்ணெயில் உப்பு போட்டு இறைச்சியை இருபது நிமிடமாவது பொன்னிறமாக வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் கடைசியில் ருசியே இருக்காது. காய்களைப் போட்டு வதக்கி, துருவிய தக்காளியைச் சுருள விடுங்கள். அடுத்து மிளகாய்ப்பொடி. அதைப் போட்டதும் பத்து எண்ணுவதற்குள் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், தாமதித்தால் கருகிக் கசக்கும். தண்ணீரும் குங்குமப்பூவும் சேர்ந்து இருபது, முப்பது நிமிடம் கொதித்துச் சாறாகட்டும். பிறகு அரிசியைத் தூவிச் சமப்படுத்தி, எட்டு முதல் பத்து நிமிடம் பெருந்தீ, அதே அளவு சிறுதீ. கரண்டி அதற்குப் பிறகு உள்ளே போகவே கூடாது. கிளறினால் அரிசியின் மாவு கரைந்து எல்லாம் குழைந்துவிடும்.

கடைசி ஒரு நிமிடம் தீயைக் கூட்டிக் காதைக் கொடுத்தால், கொதிக்கும் சத்தம் போய்ச் சடசடவென்று எண்ணெயில் பொரியும் சத்தம் வரும். அடியில் பொன்னிறப் பொறுக்கு பிடிக்கும் நேரம் அது. 'சொக்கராத்' என்பார்கள். பானை அடிக் காந்தலைச் சுரண்டித் தின்ன நம் வீடுகளில் போட்டி நடக்குமே, அதேதான். புகை வாடை வந்துவிட்டால் தாண்டிப்போயிற்று. இறக்கி ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

அங்கே போடும் அரிசி பொம்பா, சேனியா என்ற குட்டையான உருண்டை ரகங்கள். பொம்பா தன் அளவைப்போல் மூன்று பங்கு நீரைக் குடித்தும் வெடிக்காது. நம் புழுங்கலரிசி சாற்றை உள்ளே இழுக்காது, பாசுமதி நீளமாய் உதிர்ந்து நிற்கும், பச்சைப் பொன்னி குழைந்துவிடும். இருப்பதில் கிட்டத்தில் வருவது சீரகச் சம்பா. குட்டை, சாற்றையும் பிடிக்கும். ஊறவைக்காமல், கழுவி வடித்து, அரிசி ஒன்றுக்கு இரண்டே கால் பங்கு சாறு நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பு நடுவில் மட்டும் எரியும் என்பதால் ஓரத்தில் அரிசி வேகாது. தட்டத்தை நிமிடத்துக்கொரு தரம் கால் வட்டம் திருப்பினால் சரியாகும்.

ஓட்டலில் சாப்பிடப் போனால் மதியம் போங்கள், இரண்டு மணியிலிருந்து. ஊர்க்காரர்களுக்கு அது மதியச் சாப்பாடு, ராத்திரிக்கு அல்ல. பல கடைகளில் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் வைப்பார்கள். சொன்ன பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் ஆவி பறக்க வந்தால் அது முன்பே செய்து வைத்தது. வாசலில் கலர் கலராய்ப் போட்டோ ஒட்டிய கடைகளில் இப்படித்தான் வரும்.

அப்பா, அம்மா சுத்த சைவம். முட்டைகூடத் தொடமாட்டார்கள். பட்டினி கிடக்க வேண்டி வருமா?
*– சங்கரன்கோவில் வாசகர்*

பட்டினி இல்லை. ஆனால் 'காய்கறி' என்று எழுதியிருப்பதெல்லாம் சைவம் இல்லை. வதக்கிய பட்டாணியில் பன்றித் தொடைக்கறித் துண்டு கிடக்கும், சாலட்டில் சூரை மீன் தூவியிருப்பார்கள், சுட்ட மிளகாய்ப் பதார்த்தமான 'எஸ்கார்ராயேத்' உப்புக்கருவாடு கலந்தது. காய்கறிப் பயேயா கேட்டாலும் சாறு எதில் எடுத்தது என்று கேட்க வேண்டும். "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன், சின் வேவோ" என்றால் இறைச்சி, மீன், பன்றித் தொடைக்கறி, முட்டை எதுவும் வேண்டாம் என்று பொருள். தாளில் எழுதி வைத்துக் காட்டுங்கள். உருளைக்கிழங்குத் தோர்த்தியா முட்டையால் ஆனது. நம்மவர்கள் அடையென்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள்.

சமையலறை உள்ள அறை எடுத்தால் கவலையே இல்லை. மெர்காதோ சென்ட்ரல் என்ற பெரிய சந்தையில் கீரை, கத்தரிக்காய், தக்காளி, பயறு எல்லாம் கிடைக்கும். மூன்று மணிக்கு அடைத்துவிடுவார்கள். ஞாயிறு விடுமுறை.

ஊரிலிருந்து கொண்டுபோவதில் ஒரு எச்சரிக்கை. இறைச்சியும் பால்பொருள்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பையில் கொண்டுபோகக் கூடாது. நெய் பாட்டிலும் பால்கோவாவும் அதில் அடங்கும். கறிவேப்பிலை, மாங்காய் கூடாது. வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் தடை இல்லை. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் தாராளமாக எடுத்துப் போங்கள்.

எங்க ஊர்க் கோரையில் பாய் முடைகிறோம். அங்கே கோரையில் பால் எடுத்துக் குடிக்கிறார்களாமே, நிஜமா?
*– பத்தமடை வாசகி*

நிஜம். ஆனால் உங்கள் கோரை வேறு, அது வேறு. இரண்டும் ஒரே குடும்பம். பாய்க் கோரையில் தண்டுதான் சரக்கு, அங்கே கிழங்கு. கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாய், சுருங்கிய தோலோடு இருக்கும். பெயர் சூஃபா. ஊருக்கு வடக்கே ஒட்டியிருக்கும் அல்போராயாவைச் சுற்றித்தான் முக்கிய விளைச்சல்; ஏப்ரல், மேயில் நட்டு நவம்பரிலிருந்து தோண்டுகிறார்கள். கிழங்கை ஊறவைத்து அரைத்துத் துணியில் பிழிந்து, சர்க்கரை கலந்து குளிரவைத்தால் ஓர்ச்சாத்தா. 'ஃபார்தோன்' என்ற நீள ரொட்டியை முக்கிச் சாப்பிடுவது முறை. மெட்ரோ 3-ஐப் பிடித்தால் அல்போராயாவிலேயே இறங்கலாம்.

கால் கிலோ கிழங்குக்கு ஒரு லிட்டர் தண்ணீர், நூறு கிராம் சர்க்கரை. ஒரு நாள் ஊற வேண்டும், நடுவில் இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றுங்கள். அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அல்வாவுக்கு எடுக்கும் கோதுமைப்பால் சூடேறியதும் கெட்டிப்படுகிறதல்லவா? சூஃபாப் பாலிலும் மாவுச்சத்து அப்படித்தான், கூழாகிவிடும். காய்ச்சாத பால் என்பதால் சீக்கிரம் புளிக்கும். கடையில் அன்றாடம் செய்ததைக் கேட்டுக் குடியுங்கள். பாட்டிலில் மாதக்கணக்கில் நிற்பது வேறு ருசி.

எந்த மாதம் போகலாம்? கடலில் குளிக்கலாமா?
*– திருச்செந்தூர் வாசகர்*

ஏப்ரல் முதல் ஜூன், அப்புறம் செப்டம்பர். ஆகஸ்டில் நம்மூர் ஆனி வெயில் மாதிரி புழுக்கம், அதோடு பல சின்னக் கடைகள் விடுமுறையில் பூட்டியிருக்கும். மல்வர்ரோசா கடற்கரைக்கு டிராமிலும் பஸ்ஸிலும் போகலாம். அலை நம் பக்கம் போல் இல்லை, ஆனால் மே மாதத்திலும் தண்ணீர் சில்லென்றிருக்கும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது.

மார்ச் 15 முதல் 19 வரை ஃபாய்யாஸ் திருவிழா. மார்ச் முதல் தேதியிலிருந்தே தினமும் மதியம் இரண்டு மணிக்கு நகரசபைச் சதுக்கத்தில் பட்டாசு வெடிப்பு. வாணவேடிக்கை இல்லை, சத்தம்தான். அந்தச் சத்தத்தில் ஒரு தாளம் கேட்பதுதான் அவர்களுக்குச் சங்கீதம். 19 ராத்திரி தெருத்தெருவாக நிற்கும் ராட்சத பொம்மைகளைக் கொளுத்துவார்கள். இதைப் பார்க்க ஆசைப்பட்டால் அறையை ஆறு மாதம் முன்பே பிடியுங்கள். அந்த நாட்களில் பஸ்கள் பாதை மாறும். கைக்குழந்தையோடு போக வேண்டாம்.

இரண்டே நாள் இருக்கிறது. எதைப் பார்க்க, எதை விட?
*– களக்காடு வாசகர்*

முதல் நாள் பழைய ஊர். 15-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய லோன்ஹா என்ற பட்டு வணிக மண்டபம், எதிரே சந்தை, பேராலயத்தின் மிகெலேத்தே கோபுரம். கோபுரத்துக்கு 207 படி, சுழல் படிக்கட்டு. முட்டுவலிக்காரர்கள் கீழேயே இருக்கலாம். லோன்ஹா போன்ற நகராட்சி இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கட்டணம் இல்லை.

இரண்டாம் நாள் துரியா. 1957 அக்டோபரில் துரியா ஆறு ஊருக்குள் புகுந்து பெருஞ்சேதம் செய்தது. அதற்குப் பிறகு ஆற்றையே ஊருக்குத் தெற்கே வெட்டித் திருப்பினார்கள். பழைய ஆற்றுப்படுகை இப்போது ஒன்பது கிலோமீட்டர் நீளப் பூங்கா. பாலங்கள் எல்லாம் அப்படியே நிற்க, அடியில் தண்ணீருக்குப் பதில் புல்வெளி. 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் இந்தத் திருப்பிய ஆறு நகரின் நடுப்பகுதியைக் காத்தது. தெற்கே உள்ள ஊர்கள்தான் பெரும் உயிர்ச்சேதம் கண்டன. பூங்காவின் கடல் பக்கத்து முனையில், கட்டடக் கலைஞர் கலாத்ராவா பெரும்பகுதியை வடிவமைத்த கலை அறிவியல் நகரம். வெளியே நடந்து பார்க்கக் காசு இல்லை. உள்ளே கட்டணம் கொடுத்துப் போவதென்றால் ஓசியனோகிராஃபிக் மீன் காட்சியகத்துக்கு மட்டும் போங்கள், அரை நாள் போகும். அறிவியல் அருங்காட்சியகம் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு அவசியமில்லை.

சாயங்காலம் மிச்சமிருந்தால் 24-ஆம் நம்பர் பஸ்ஸில் எல் பால்மர். அல்புஃபேரா ஏரியில் சூரியன் சாயும்போது படகு விடுவார்கள். சுற்றிலும் நெல் வயல். விலாங்கு மீனைப் பூண்டும் மிளகாய்ப்பொடியும் போட்டுச் செய்யும் 'ஆல் இ பெப்ரே' அந்த ஊரின் குழம்பு; காரம் நாக்கில் ஏறாது, பூண்டு ஏறும். திரும்பும் பஸ் நேரத்தை ஏறும்போதே டிரைவரிடம் கேட்டுவிடுங்கள். இருட்டியபின் ஒன்றை விட்டால் அடுத்ததுக்கு நெடுநேரம் நிற்க வேண்டும்.

சார்ஜர் அங்கே பொருந்துமா?
*– வள்ளியூர் வாசகர்*

போன் சார்ஜரின் இரண்டு முள் பொருந்தும். மூன்று முள் பொருந்தாது, மாற்றி வேண்டும். மின்னழுத்தம் நம்மூர் அளவுதான்.

வாய்க்கால் தகராறை விசாரிக்கத் தனிக் கோர்ட்டே இருக்கிறதாமே? பார்க்க விடுவார்களா?
*– கல்லிடைக்குறிச்சி வாசகர்*

கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் வளர்ந்தவர் கேட்க வேண்டிய கேள்விதான். தண்ணீர் மன்றம் என்று பெயர். வியாழக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டு மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசல் முன் தெருவிலேயே கூடும். டிக்கெட் இல்லை, யாரும் பார்க்கலாம். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டு என்றால் துரியாவுக்கு எட்டு வாய்க்கால் நிர்வாகம். ஒவ்வொன்றின் சார்பிலும் அந்தந்த வாய்க்கால் விவசாயிகளே தேர்ந்தெடுத்த ஒருவர், கருப்பு மேலங்கி போட்டு வட்டமாக நாற்காலியில் உட்காருவார். வக்கீல் கிடையாது, மனு கிடையாது, எல்லாம் வாய்மொழி, வலென்சிய மொழியில். முறை மாறித் தண்ணீர் திருப்பியது, மடையைத் திறந்து விட்டது, அடுத்தவன் வயலில் தண்ணீர் பாயவிட்டது மாதிரி வழக்குகள். குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வாய்க்காலோ, அந்த வாய்க்கால் பிரதிநிதி தீர்ப்புச் சொல்வதில் சேரமாட்டார். சொன்ன தீர்ப்புக்கு அப்பீல் இல்லை.

சேவகர் ஒவ்வொரு வாய்க்காலாகப் பெயர் சொல்லி, வழக்கு உண்டா என்று கூவுவார். பல வாரம் யாரும் முன்வர மாட்டார்கள். அப்படியானால் எட்டுப் பெயரும் கூவி முடிந்ததும் மன்றம் கலைந்துவிடும். பதினொன்றே முக்காலுக்கே போய் வேலி ஓரம் இடம் பிடியுங்கள். பன்னிரண்டே காலுக்குப் போனால் வெறும் வாசலைத்தான் பார்ப்பீர்கள்.